விடுதி அறையில் ஒரு சந்தேகநபர்

துப்பறியும் கதை என்றதும் முகஞ் சுளிக்கும் வழக்கம் முற்போக்கு இலக்கியம் பேசுவோரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அதற்கு நியாயமான காரணங்களும் இல்லாமலில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் எழுதிக் குவித்த நாவல்கள் தமிழில் ஒரு பெரிய வாசகர் கூட்டத்தை உண்டாக்கின என்பது உண்மையே. ஆயினும் அவற்றுட் பல மேல்நாட்டு மூலங்களைத் தழுவியவை. மர்ம முடிச்சையே முதலாக வைத்து வியாபாரம் செய்தவை. பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தான். தேநீர் அருந்தினான், உலகெங்கும் பறந்தான், குற்றவாளிகளைப் பிடித்தான். ஆனால் குற்றம் ஏன் நிகழ்கின்றது என்ற கேள்வி அவனுடைய கோட்டுப் பையில் ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே இவ்வகை எழுத்தைப் பொழுதுபோக்கு நச்சிலக்கியம் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நமக்கு எளிதாயிற்று.

எளிதானது யாவும் சரியானதாகிவிடாது. பாசிசச் சிறையில் அடைபட்டிருந்த கிராம்சி, துப்பறியும் நாவலைச் சாதாரண மக்கள் ஏன் இவ்வளவு விரும்பிப் படிக்கின்றனர் என்ற வினாவைத் தமது குறிப்பேடுகளில் எழுப்பி ஆராய்ந்தார். மார்க்சியப் பொருளியலாளரான ஏர்னஸ்ட் மண்டேல் 1984இல் குற்றக் கதைகளின் சமூக வரலாற்றை ஒரு தனி நூலாகவே எழுதினார். மக்கள் விரும்பும் ஒரு கலைவடிவத்தை ஏளனஞ் செய்வது திறனாய்வு ஆகாது. அவ்விருப்பத்தின் அடியில் என்ன தேவை மறைந்து கிடக்கின்றது எனத் தேடுவதே திறனாய்வின் கடமை. அத்தகைய தேடலுக்கு ஏற்றதொரு படைப்பாக எனக்குத் தோன்றுவது, இந்தியத் தூரதர்ஷன் 1993இலும் பின்னர் 1997இலுமாக இரு பகுதிகளாய் ஒளிபரப்பிய 'பியோம்கேஷ் பக்ஷி' என்னும் இந்தித் தொடராகும்.

வங்காள எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய (1899–1970) 1932 அளவில் எழுதத் தொடங்கி, இடையிலே பல ஆண்டுகள் நிறுத்தி, தம் இறுதிக் காலம் வரை தொடர்ந்து எழுதிய கதைகளின் நாயகனே பியோம்கேஷ். முற்றுப் பெற்றவை 32. முற்றுப் பெறாத ஒன்றும் உண்டு. 1967இல் சத்யஜித் ராய் அவற்றுள் ஒன்றை உத்தம் குமாரைக் கொண்டு திரைப்படமாக்கினார். ஆயினும் வங்காளத்துக்கு வெளியே அவனை வீட்டுக்கு வீடு அறிமுகஞ் செய்தது பாசு சட்டர்ஜி இயக்கிய தொலைக்காட்சித் தொடரே. ரஜித் கபூர் பியோம்கேஷாகவும், கே. கே. ரெய்னா அவனுடைய நண்பன் அஜித்தாகவும், சுகன்யா குல்கர்ணி மனைவி சத்தியவதியாகவும் நடித்தனர். 2020 மார்ச் 28ஆந் திகதி முதல், நோய்ப் பரவலால் இந்தியா முடங்கிக் கிடந்த வேளையில், தூரதர்ஷன் இத்தொடரை மறுபடியும் ஒளிபரப்பியது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னரே இலங்கையிலும் ஊரடங்குச் சட்டம் வந்துவிட்டது. கொழும்பின் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்த அந்நாட்களிலும் அதன் பின்னரும் அவ்வத்தியாயங்களை மீண்டும் பார்த்தபோது, முதன்முறை பார்க்கையிற் கண்ணிற் படாத பல செய்திகள் தென்படலாயின. முடிச்சு எப்படி அவிழும் என்பது முன்னரே தெரிந்துவிட்டபடியால், முடிச்சைச் சுற்றியுள்ள வாழ்க்கையைப் பார்க்க அவகாசம் கிடைத்தது. துப்பறியும் கதையொன்றின் தரத்தை அளக்க இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. விடை தெரிந்த பின்னரும் அதிற் பார்ப்பதற்கு ஏதேனும் எஞ்சியுள்ளதா?

இத்தொடரில் எஞ்சுவது நிறையவே உண்டு. முதல் அத்தியாயமான 'சத்யான்வேஷி'யையே எடுத்துக்கொள்வோம். கதை கல்கத்தாவின் ஒரு விடுதியில் நிகழ்கின்றது. குடும்பத்தை விட்டு நகரத்துக்கு வந்த நடுத்தர வர்க்கத்து ஆடவர்கள் அறைகளைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரே அடுக்களையில் உண்டு வாழும் விடுதி அது. அதை நடத்துபவர் அனுகூல் பாபு என்னும் ஓமியோபதி வைத்தியர்; இனிய சுபாவமும் அயலாரின் மதிப்பும் உடையவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அடுத்தடுத்துக் கொலைகள் நடக்கின்றன. அவ்வேளையில் அதுல் சந்திர மித்ரா என்ற இளைஞன், தங்க இடந் தேடி வருகின்றான். வேலையில்லை, அறிமுகமில்லை, கையில் ஒரு பெட்டி மட்டுமே. எழுத்தாளனான அஜித் இரங்கித் தன் அறையிற் பாதியை அவனுக்குக் கொடுக்கின்றான். விடுதிவாசிகளுள் ஒருவரான அசுவினி பாபு கொலையுண்டதும் பொலிஸாரின் ஐயம் யார்மேல் விழுகின்றது? இறுதியாக வந்தவன் மேல். ஊர் பேர் உறுதியாகத் தெரியாதவன் மேல். அதுல் கைதாகின்றான். ஆனால் கொக்கெயின் வியாபாரத்தின் தலைவனும் கொலைகாரனும் அந்த மதிப்புக்குரிய வைத்தியரே என்பதும், அதுல் என்பவன் உண்மையில் பியோம்கேஷே என்பதும் பின்னர் வெளியாகின்றன.

முதன்முறை பார்ப்பவனுக்கு இது ஒரு சாமர்த்தியமான திருப்பம். மறுமுறை பார்ப்பவனுக்கோ இது சமுதாயத்தைப் பற்றிய ஒரு கூற்று. குற்றம் வீட்டை நடத்துபவனிடம் இருக்கின்றது. ஐயமோ வீட்டுக்குப் புதிதாக வந்தவன் மேல் விழுகின்றது. மரியாதை என்பது நல்லொழுக்கத்தின் அடையாளமாக அன்றி, ஐயத்திலிருந்து தப்புவதற்கான அனுமதிச் சீட்டாகவே இங்கே பயன்படுகின்றது. சரதிந்து தம் துப்பறிவாளனின் தொடக்கத்தைக் கூறும் இக்கதையில் அவனை, லண்டன் நகரத்து ஷெர்லக் ஹோம்ஸைப் போல நாற்காலியில் அமர்ந்து வாடிக்கையாளரை எடைபோடும் மேதையாகக் காட்டவில்லை. தானே ஐயத்துக்குள்ளாகிக் கைதாகும் ஓர் அறைவாசியாகவே காட்டினார். தேடுபவனாவதற்கு முன் அவன் தேடப்பட்டவனாயிருந்தான். இந்தத் தொடக்கம் தற்செயலானதாயினும் ஆகுக. அதன் பொருள் பெரிது.

அவன் தன்னை 'டிடெக்டிவ்' என அழைத்துக்கொள்ள விரும்புவதில்லை. ஹாரிசன் வீதியிலுள்ள அவனது வீட்டு வாசற் பலகையில் 'சத்யான்வேஷி', அஃதாவது உண்மையைத் தேடுவோன், என்றே பொறிக்கப்பட்டிருக்கின்றது. இதை வெறும் சொல்லலங்காரம் எனத் தள்ளிவிடலாம். ஆயின் அத்தியாயங்களைத் தொடர்ந்து பார்க்கையில் இவ்விரு சொற்களுக்குமிடையே உண்மையான வேறுபாடொன்று இருப்பது புலனாகும். துப்பறிவாளன் குற்றவாளியைத் தேடுகின்றான். உண்மையைத் தேடுவோனுக்கோ இரு கடமைகள் உண்டு: குற்றவாளியை இனங்காண்பது ஒன்று, குற்றமற்றவனை ஐயத்திலிருந்து விடுவிப்பது மற்றொன்று. இரண்டாவது கடமையைத் துப்பறியும் கதைகளைப் படிப்போரும் பார்ப்போரும் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

'அர்த்தமனர்த்தம்' என்ற கதையை நோக்குக. பணக்காரக் கிழவர் கராலி பாபு தம் சுற்றத்தாரை ஆட்டிப் படைப்பதற்காக உயிலை மாற்றி மாற்றி எழுதுகின்றார். ஒருநாள் காலை பிணமாகக் கிடக்கின்றார். பொலிஸ் அதிகாரி விதுபாபு, சான்றுகள் சுகுமார் என்ற இளைஞனின் பெட்டியிற் கிடந்ததைக் கண்டதும் அவனைக் கைது செய்து, வழக்கு முடிந்ததெனப் பெருமிதங் கொள்கின்றார். அவ்விளைஞனின் தங்கை சத்தியவதி பியோம்கேஷிடம் வருகின்றாள். அவள் கேட்பது குற்றவாளி யார் என்பதையன்று. தன் அண்ணனை மீட்டுத் தரவேண்டும் என்பதையே. விசாரணை முழுவதும் அந்த வேண்டுகோளைச் சுற்றியே நடக்கின்றது. கிடைத்த சான்று மிக ஒழுங்காகக் கிடைத்திருப்பதே அதன் மேல் ஐயங் கொள்ளப் போதிய காரணம் எனப் பியோம்கேஷ் உணர்கின்றான். பின்னர் அப்பெண்ணையே அவன் மணக்கின்றான். துப்பறிவாளர்களின் உலகம் பெரும்பாலும் பிரமசாரிகளின் உலகம். இங்கோ நாயகன் மணந்து, பிள்ளை பெற்று, மாதச் செலவைப் பற்றி மனைவியுடன் வாதாடுகின்றான். உண்மையைத் தேடுதல் ஒரு வினோதமான மேதையின் பொழுதுபோக்காக இல்லாமல், அடுப்பெரியும் வீட்டில் வாழும் ஒரு மனிதனின் தொழிலாகக் காட்டப்படுகின்றது. அவன் ஒரு கணித ஆசிரியரின் மகன், இளமையிலேயே பெற்றோரை இழந்து உதவிப்பணத்தில் படித்தவன் என்பதும் கதைகளில் வருகின்றது. ஆசிரியத் தொழில் புரிவோர் இதனைச் சற்றே உவகையுடன் குறித்துக்கொள்ளலாம்.

பாசு சட்டர்ஜியின் இயக்கம் இந்தச் சாதாரணத்தன்மைக்குப் பெரிதுந் துணை செய்கின்றது. 'சாரா ஆகாஷ்' (1969), 'ரஜனிகந்தா' (1974) முதலிய படங்களில் அலுவலகத்துக்கும் பேருந்துத் தரிப்பிடத்துக்குமிடையே நகரும் நடுத்தர வர்க்க வாழ்வைக் காட்டிய கலைஞர் அவர். தொடரிற் பெரிய காட்சியமைப்புகள் இல்லை; துரத்தல்கள் அரிது; இசை அடங்கி ஒலிக்கின்றது. ஓர் அறை, இரு நாற்காலிகள், தேநீர்க் கோப்பை, செய்தித்தாள் ஆகியவையே பெரும்பாலான காட்சிகளின் மூலதனம். பணப் பற்றாக்குறையும் இதற்குக் காரணமாயிருக்கலாம். ஆயினும் விளைவு நன்மையாகவே முடிந்தது. பார்ப்பவன் காட்சியிலே மயங்காது வாதத்தைக் கேட்கின்றான். இதே இயக்குநர் 1986இல் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' என்ற படத்தை எடுத்தார். பன்னிரு நடுவர்கள் ஓர் அறையில் அமர்ந்து, ஓர் இளைஞனைத் தூக்குக்கு அனுப்புவதா என ஆராய்கின்றனர். பதினொருவர் குற்றவாளி என்கின்றனர். ஒருவன் மட்டும் ஐயத்தை எழுப்புகின்றான். அந்த ஒருவனாக நடித்தவர், பின்னர் அஜித்தாக வந்த கே. கே. ரெய்னாவே. ஆங்கில மூலத்தைத் தழுவிய அப்படத்தையும் இத்தொடரையும் அடுத்தடுத்துப் பார்ப்போர்க்கு ஒரு செய்தி தெளிவாகும். பாசு சட்டர்ஜியைக் கவர்ந்தது குற்றமன்று, அவசரத் தீர்ப்புக்கு எதிராக நிற்கும் பொறுமையே.

தொடரின் குறைகளையும் மறைக்காது கூறுதல் வேண்டும். முதலாவது, இந்த உண்மை தேடலுக்கு வர்க்க எல்லை ஒன்றுண்டு. பியோம்கேஷின் வீட்டில் புட்டிராம் என்ற பணியாள் இருக்கின்றான். அத்தியாயந் தவறாமல் தேநீர் கொண்டு வருகின்றான். அவனுக்கு ஊர் எது, குடும்பம் எங்கே, கூலி எவ்வளவு என்பதை உண்மையைத் தேடும் எஜமானன் ஒருபோதும் தேடுவதில்லை. குற்றங்கள் பெரும்பாலும் உயில், பரம்பரைச் சொத்து, வைரம் ஆகியவற்றைச் சுற்றி நிகழ்கின்றன. செல்வமே கேட்டின் வேர் என்பதைக் கதைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அச்செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து திரண்டது என்பதைக் கேட்பதில்லை. 'வழியின் முள்' என்னும் கதையில், பத்திரிகை விளம்பரத்தின் மூலம் வாடிக்கையாளரைப் பிடித்து, பணத்துக்குக் கொலை செய்யும் ஒருவன் வருகின்றான். வெளியுலகுக்கு அவன் ஒரு காப்புறுதி முகவர். உயிருக்கு விலை பேசும் இரு தொழில்களையும் ஒருவனிடமே வைத்துக்காட்டிய கூர்மை வியக்கத்தக்கது. ஆனால் கதை அந்த வாயில் வரை வந்து, உள்ளே நுழையாமற் திரும்பிவிடுகின்றது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. 'சத்யான்வேஷி' காட்டும் காலம் 1920களின் நடுப்பகுதி. அக்காலக் கல்கத்தா விடுதிகளைப் பொலிஸார் முற்றுகையிட்டது கொக்கெயினுக்காக மட்டுமா? 1924 ஒக்டோபரில் பிரித்தானிய அரசு வங்காளத்துக்கென ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. புரட்சியாளர் என ஐயுறப்பட்டோரை விசாரணையின்றித் தடுத்து வைக்க அது வழி செய்தது. சுபாஷ் சந்திர போஸ் அக்காலத்திலேயே கைதாகிப் பின்னர் மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். சரத்சந்திரரின் 'பதேர் தாபி' நாவல் 1927இல் தடை செய்யப்பட்டது. விடுதி அறையில் தங்கிய மாணவனும் எழுதுவினைஞனும் அந்நாளில் இயல்பாகவே சந்தேகநபர்கள். அந்நகரத்தில் நின்று கதை எழுதிய சரதிந்து, பொலிஸ் ஆணையாளரைத் தம் நாயகனின் நல்ல நண்பராகக் காட்டுகின்றார். அரசே ஐயத்தை உற்பத்தி செய்யும் நிலையமாக இருந்த நகரத்தில், ஐயம் தனி மனிதர்களின் பேராசையால் மட்டுமே எழுவதாகக் கதைகள் பாவனை செய்கின்றன. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த தொடரும் அந்த மௌனத்தைக் கலைக்கவில்லை.

இவ்வெல்லைகளை ஓரளவு மீறுவது, இரண்டாம் பகுதியில் இடம்பெறும் 'ஆதிம் ரிபு' கதை. சுமார் 30 இலட்சம் உயிர்களைப் பலிகொண்டதாகக் கணிக்கப்படும் 1943ஆம் ஆண்டுப் பஞ்சமும், 1946 ஆகஸ்டிலே தொடங்கிய வகுப்புக் கலவரமும் நகரத்தைச் சிதைத்த காலம் அது. கறுப்புச் சந்தையிற் பணங் குவித்த அனாதி ஹல்தார் கொல்லப்படுகின்றான். கொன்றவன் யார் எனப் பியோம்கேஷ் அறிகின்றான். ஆயினும் அவனைச் சட்டத்திடம் ஒப்படைப்பதில்லை. நாடு விடுதலை பெறும் இரவில் அந்தக் கறுப்புப் பணம் தீயிலிடப்படுகின்றது. தெருவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றவர்களை எந்தச் சட்டமும் தேடாதபோது, அறைக்குள் நிகழ்ந்த ஒரு கொலையைத் தேடிக் கண்டுபிடிப்பதன் பொருள் என்ன என்ற வினா அங்கே சொல்லாமலே எழுகின்றது. சரதிந்து தந்த விடை தனி மனித மனச்சாட்சியின் விடைதான். பணத்தை எரித்தால் சந்தை எரிந்துவிடாது. எனினும் வினாவை எழுப்பிய அளவிலேனும் துப்பறியும் கதை தன் வழக்கமான எல்லையைத் தாண்டிவிட்டது.

கலவரத்தையும் துப்பறியும் கதையையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். துப்பறியும் கதையின் விதி இதுதான்: ஐயம் அனைவர் மேலும் விழலாம், குற்றம் செய்தவன் மேல் மட்டுமே தண்டனை விழவேண்டும், ஏனையோரை ஐயத்திலிருந்து காரணங் காட்டி விடுவிக்க வேண்டும். கலவரத்தின் விதி இதற்கு நேர்மாறு: எவனோ ஒருவன் செய்தான், ஆகவே அவனுடைய மொழி பேசுவோர், அவனுடைய மதத்தைச் சேர்ந்தோர் யாவரும் குற்றவாளிகள். சான்றின் இடத்திற் பெயரும், துப்பின் இடத்தில் அடையாள அட்டையும் வந்து அமர்ந்துவிடுகின்றன.

ஓர் இந்தித் தொடருக்கும் வெள்ளவத்தைக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர்க்கு இங்கேதான் விடை உண்டு. கல்கத்தாவின் விடுதியை நாம் அறிவோம். அதற்கு நம்மிடையே வேறு பெயர்கள் இருந்தன. வடக்கிலிருந்து அரசாங்க எழுதுவினைஞராக வந்தோர், 'சமறி' என்று சொல்லிக்கொண்டு, நாலைந்து பேராக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வாழ்ந்தனர். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் அந்த வாழ்வின் அத்திவாரத்தைக் கலைத்தன. போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் இருந்த தங்கு விடுதிகளின் சிறு அறைகளில், கடவுச்சீட்டுக்கும் வைத்தியத்துக்கும் வெளிநாட்டு வேலைக்குமாக வந்த வடக்கு, கிழக்கு, மலையக மக்கள் வாரக்கணக்கில் காத்திருந்தனர். கையில் ஒரு பெட்டி, மற்றக் கையில் பொலிஸ் பதிவுத் துண்டு. அதுல் சந்திர மித்ராக்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

2007 ஜூன் 7ஆந் திகதி விடியற் காலையில் இவ்விடுதிகளின் கதவுகள் தட்டப்பட்டன. தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கின்றனர் எனக் கூறி, 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தப் பஸ்களில் ஏற்றப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் எதிராக என்ன சான்று இருந்தது? அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. விதுபாபுவை நாம் பார்த்துச் சிரிக்கின்றோம். ஆயினும் அவராவது பெட்டியைத் திறந்து ஒரு பொருளைக் கண்டெடுத்த பின்னரே கைது செய்தார்.

தொடரின் மற்றுமொரு வழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கதையிலும் ஒப்புதல் இறுதியிலேயே வருகின்றது. துப்புகள் சேர்ந்து, வாதம் முழுமையுற்று, தப்ப வழியில்லை என்றான பின்னரே குற்றவாளி வாய் திறக்கின்றான். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை அது சான்றாக ஏற்றது. மூன்றாண்டுகளுக்கென வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. நல்லரத்தினம் சிங்கராசா என்பவரின் வழக்கு யாவரும் அறிந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அம்மொழியை அவர் வாசிக்க அறியார். அவ்வாக்குமூலத்தையே ஆதாரமாகக் கொண்டு 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டது என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் கருத்து வெளியிட்டது. விசாரணை ஒப்புதலில் முடிவது துப்பறியும் கதை. ஒப்புதலில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதை என்னவென்பது?

இதுவரை கூறியவற்றைக் கேட்டுத் தலையசைப்பது நமக்கு எளிது. ஏனெனில் பாதிக்கப்பட்டோர் நாம். அடுத்துச் சொல்லப் போவது அவ்வளவு எளிதன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்து, 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மாத முற்பகுதியிலேயே எச்சரிக்கை கிடைத்திருந்தது. துப்புகள் மேசையில் கிடந்தன, எடுத்துப் பார்ப்பாரில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவையும் உயரதிகாரிகளையும் பொறுப்பாளிகளெனக் கண்டு, முன்னாள் ஜனாதிபதி மட்டும் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கண்ணெதிரேயிருந்த துப்பைத் தேடாத அரசு, குண்டு வெடித்த பின்னர் ஒரு சமூகம் முழுவதையும் தேடத் தொடங்கியது. வீடுகளிற் கிடந்த அரபு எழுத்துள்ள நூல்களும் ஐயத்துக்குரியனவாயின. அந்நாட்களில் முஸ்லிம் குடும்பங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கியோரும், பஸ்ஸில் அருகே அமராது எழுந்து சென்றோரும் சிங்களவர் மட்டுந்தானா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுதிக் கதவு தட்டப்பட்டபோது நடுங்கியவர்களில் எத்தனை பேர், இம்முறை கதவின் மறுபுறத்தில் நின்றோம்? அதுலாக இருந்தவன் அனுகூல் பாபுவின் வீட்டில் நிரந்தரமான அறை கிடைத்ததும், புதிதாக வருபவனை ஐயத்துடன் நோக்கப் பழகிவிட்டான்.

இலக்கியம் பேசுவோர் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதிய இளம் ஆசிரியர் அஹ்னஃப் ஜஸீம், 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளையும் கொண்ட அந்நூல், தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் குற்றஞ் சாட்டப்பட்டது. 2021 டிசம்பரிற் பிணையும், 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலையும் அவருக்குக் கிடைத்தன. கவிதையைச் சரியாக வாசிக்க ஒரு மாலைப்பொழுது போதும். தவறாக வாசித்ததன் விலை மூன்றரை ஆண்டுகள். துப்பறிதலும் ஒருவகை வாசிப்பே. வாசிப்பும் ஒருவகைத் துப்பறிதலே. இரண்டுக்கும் அறம் ஒன்று: முடிவை முன்னரே வைத்துக்கொண்டு சான்றைத் தேடக்கூடாது.

சான்று, தனி மனிதப் பொறுப்பு, நியாய விசாரணை என்பனவெல்லாம் பூர்ஷ்வாச் சட்டவியலின் கருத்துகள்தாமே, சமுதாய மாற்றத்தை வேண்டுவோர்க்கு அவை எதற்கு எனச் சில தோழர்கள் கேட்கலாம். அவை பூர்ஷ்வா சமுதாயத்தில் வளர்ந்தவை என்பது உண்மையே. ஆனால் தனக்கு நெருக்கடி வந்தபோதெல்லாம் அவற்றை முதலிற் கைவிட்டதும் அவ்வர்க்கத்தின் அரசே. இழந்தோர் உழைக்கும் மக்களும் சிறுபான்மையினருமே. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் போதும் 1980களின் இறுதியிலும் சிங்களக் கிராமத்து இளைஞன், இளைஞன் என்ற ஒரே காரணத்தால் ஐயத்துக்குள்ளாகி அழிந்ததை நாம் மறந்துவிட முடியாது. இனத்துக்கு இனம், தலைமுறைக்குத் தலைமுறை, சந்தேகநபரின் பெயர் மாறுகின்றது. ஐயத்தை மொத்தமாக விநியோகிக்கும் முறை மாறவில்லை. இம்முறையை எதிர்ப்பது எல்லா இனத்து மக்களையும் ஒன்று சேர்க்கக்கூடிய போராட்டம்.

மக்கள் துப்பறியும் கதையை விரும்புவதன் அடியிலுள்ள தேவை என்ன என்று தொடக்கத்திற் கேட்டோம். ஒருவனுடைய குற்றம் அவனுடையதாகவே இருக்கவேண்டும், காரணமின்றி ஐயுறப்பட்டவன் காரணத்துடன் விடுவிக்கப்பட வேண்டும் என்னும் எளிய நீதிவேட்கையே அதுவென நினைக்கின்றேன். அதைப் பெரும்பாலான கதைகள் மலிவாக விற்றுவிடுகின்றன. பியோம்கேஷ் தொடர் அதனைக் குறைகளுடனேனும் மதிப்புடன் கையாண்டது. ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிற் காட்டிப் பேசலாம். கொலையாளி யார் எனக் கேட்பதை விடுத்து, முதலில் யார் மேல் ஐயம் விழுந்தது, ஏன் விழுந்தது, அவனை விடுவிக்க என்ன சான்று தேவைப்பட்டது, தேநீர் கொண்டு வந்தவனிடம் யாராவது ஒரு கேள்வியேனும் கேட்டனரா என மாணவரிடம் கேட்கட்டும். திரையிற் கேட்கப் பழகிய கேள்வியைத் தெருவிலும் கேட்பதற்கு அவர்கள் நாளடைவிற் கற்றுக்கொள்வர். அடுத்த முறை ஏதோவொரு விடுதியின் கதவு தட்டப்படும்போது, உள்ளேயிருப்பவன் எந்த மொழி பேசினாலும், அவனுக்கு எதிரான சான்று என்ன என்று கேட்க அயலில் ஒரு குரலாவது இருக்க வேண்டும்.